பூசணித் துண்டுகள்

ஆயுத பூஜை, இரவு.

இன்று கம்பெனி வாசலில் பூஜை. என் வீட்டுக்காரரையும் அழைத்துப் போனேன். எல்லைச் சண்டையிலிருந்து திரும்பிய பிறகு அவர் வெளியே வந்ததே இல்லை. குங்குமம் தடவிய பூசணிக்காயை ரோட்டில் போட்டு உடைத்ததும், அவர் ஓடிப்போய் மண்டியிட்டு, சிதறியதை எல்லாம் பொறுக்கி என் சாப்பாட்டுப் பையில் போட்டார்.

“பைக் வழுக்கக் கூடாதுன்னு பொறுக்குறாரு பாரு. மிலிட்டரிக்காரருன்னா சும்மாவா!” என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பக்கெட்டில் போட்டு ஒவ்வொன்றாகக் கழுவினார்.

“இன்னாங்க பண்றீங்க?”

“செவப்பு போனாத்தான் யாரு இன்னான்னு தெரியும். அவங்கவங்க வூட்டுக்கு அனுப்பணும்ல?”

வேறென்ன செய்ய? பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினேன். இப்போது தூங்குகிறார். அந்தத் துண்டுகளைக் குப்பையில் கொட்ட எனக்கும் மனசு வரவில்லை.