வேல்முருகனின் கஞ்சா மனு

12.6.2023, திங்கள்

இன்று ஒன்பது மனு. நாலு பட்டா மாறுதல், இரண்டு முதியோர் உதவித்தொகை, ஒரு தெருவிளக்கு, மாமியார் ஒருத்தி மருமகள் மேல் கொடுத்தது ஒன்று. ஒன்பதாவது கஞ்சா.

நாமக்கல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருடமாகத் திங்கள்கிழமை தவறாமல் மேசை போட்டு மனு எழுதுகிறேன். கஞ்சா விற்கிறான் என்று நிறையப் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கஞ்சா வேண்டும் என்று எழுதச் சொல்லி ஒருத்தன் வந்தது இதுதான் முதல் தடவை. பெயர் வேல்முருகன். நாற்பது வயதிருக்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரைவர். ஆந்திரா, ஒடிசா என்று மாதக்கணக்கில் போர் போடப் போய்விட்டு, மழைக்காலத்துக்கு ஊர் திரும்பியிருக்கிறான்.

"மருந்துக்குங்க்கா. அதுல இருந்து ஒரு எண்ணெய் எடுக்கறாங்களாமா. காக்கா வலிப்புக்குக் கேக்குதுன்னு டாக்டரே சொன்னாருங்க. நம்ம கவருமெண்டே வெளைய வெச்சு, ஆஸ்பத்திரியில குடுக்கோணும்னு எழுதுங்க."

யாருக்கு வலிப்பு என்றேன். "ஒரு புள்ளைக்குங்க." யார் பிள்ளை? "தெரிஞ்ச புள்ளைங்க." பெயர் என்ன? வாயைத் திறக்கவில்லை.

ஆந்திரா போய்வருகிற வண்டி, பெயரில்லாத பிள்ளை, கஞ்சா. மூன்றையும் கூட்டிப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. டாக்டர் சீட்டோடு அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டேன். வரமாட்டான்.

19.6.2023, திங்கள்

வந்துவிட்டான். சீட்டும் கொண்டுவந்தான். கோயம்புத்தூர் டாக்டர். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. மேலே நோயாளி பெயர் இருக்கும் இடம் மட்டும் கிழிந்திருக்கிறது. "எலி கடிச்சிருச்சுங்க" என்கிறான். எலி ஸ்கேல் வைத்துக் கடித்து நான் பார்த்ததில்லை.

மூன்று தினுசு மாத்திரை எழுதியிருந்தது. அதில் ஒன்று அன்பழகன் தின்றது. என் தம்பி. பதினேழு வயதில் கிணற்று மேட்டில் வலிப்பு வந்து உள்ளே விழுந்து போனான். அந்த மாத்திரைப் பெயரை இரண்டு தடவை படித்தேன்.

சந்தேகம் போகவில்லை. வேண்டாம், போ என்று சொல்லவும் வாய் வரவில்லை.

21.6.2023, புதன்

ஜெராக்ஸ் கடை ஹனீப் பாயிடம் பழைய சட்டப் புத்தகங்கள் உண்டு. பிரித்துக் காட்டினார். மருத்துவத்துக்கு என்றால் மாநில அரசு பயிரிட அனுமதி கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

"எடம் இருக்குதும்மா. ஆனா இதுல நீ எதுக்குத் தலையக் குடுக்கற?" என்றார். நல்ல கேள்வி.

26.6.2023, திங்கள்

தனி மனுவை எந்த மூட்டையில் கட்டி எந்த மூலையில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வேறு வழி சொன்னேன். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை. அவன் ஊரில் ஜனங்கள் கை தூக்கித் தீர்மானம் போட்டால் கலெக்டர் ஆபீஸ் அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். அதற்கு முன்னால் ஐந்நூறு கையெழுத்து. ஒவ்வொரு தாளிலும் கோரிக்கை முழுசாக இருக்க வேண்டும். வாசித்துக் காட்டாமல் ஒருத்தரிடமும் வாங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிள்ளையின் பெயரைப் போடலாமா என்றதும் எழுந்து நின்றுவிட்டான். "பேரு மட்டும் வேண்டாமுங்க்கா. பேரில்லாம எழுத முடியாதுன்னா எனக்கு மனுவே வேண்டாம்."

பெயர் இல்லாதது மனு இல்லை, மொட்டைக் கடுதாசி. இது இவனுக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்துதான் சொல்கிறானா?

2.7.2023, ஞாயிறு

அவன் ஊருக்குப் போய் அவனோடு தறிப்பட்டறைகளில் சுற்றினேன். தறி ஓடுகிற சத்தத்தில் 'கஞ்சா எண்ணெய்' என்று கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மானமே போயிற்று.

ஒரு கிழவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுல ரோடு எப்பங்க வரும்?" என்று கேட்டார். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். நாலு பையன்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து, "அக்கா, இது எப்ப அமுலுக்கு வருது?" என்றார்கள். அவர்கள் கையெழுத்தை அங்கேயே அடித்துவிட்டேன். ரேசன் கார்டு போய்விடுமா, நூறு நாள் வேலை போய்விடுமா என்று கேட்காத பெண் இல்லை. ஆனாலும் தறி ஓட்டுகிறவர்களில் ஒருத்தி, "வலிப்புக்குன்னா குடுங்க, நான் போடறேன்" என்று தாளை வாங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். எழுபத்திமூன்று.

வேல்முருகன் நன்றாகப் பேசுகிறான். ரொம்ப நன்றாக. வலிப்பு வந்தால் கண் எப்படிச் செருகும், பல்லுக்கு நடுவில் நாக்கு எப்படி மாட்டும் என்று பார்த்தவன் மாதிரியே சொல்கிறான். நடிக்கிறவனும் அப்படித்தான் சொல்வான்.

9.7.2023, ஞாயிறு

கையெழுத்து இருநூற்றுப் பதினொன்று. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறேன் என்று அவன் வீட்டுப் பக்கம் நடந்தேன். தறிப்பட்டறைக்குப் பின்னால் லைன் வீடு, கடைசிக் கதவு. பாதி வழியில் ஓடிவந்து மறித்தான்.

"ஊட்டுக்கு வேண்டாமுங்க்கா. ஊட்டுக்காரிக்கு ஒடம்பு சரியில்ல. நான் கடையில சோடா வாங்கியாரேன்."

கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. ஜூலை வெயிலில் யார் ஜன்னலைச் சாத்துவார்கள்? உள்ளே எதை வைத்திருக்கிறான்?

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. என் கையெழுத்தில் மனு, என் நாக்கில் விளக்கம், பின்னால் இவன் மூட்டை வியாபாரமா? இருபத்திரண்டு வருடப் பெயர்.

10.7.2023, திங்கள்

பக்கத்து மேசை தனசேகரிடம் சொல்லிவிட்டேன். அவனும் மனு எழுதுகிறவன்தான். அவன் மச்சான் வேல்முருகனின் ஊர். கொஞ்சம் விசாரித்துப் பார், பிள்ளை என்று ஒன்று இருக்கிறதா, இல்லை ரிக் வண்டியில் ஏதாவது வருகிறதா என்று கேட்டேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன்.

"நான் எதுக்குங்க்கா சொல்றேன்" என்றான் தனசேகர்.

11.7.2023

சொல்லியிருக்க வேண்டாம்.

24.7.2023, திங்கள்

அந்த ஊர்ப் பெண்கள் ஆறு பேர் பஸ் ஏறி என் மேசைக்கே வந்துவிட்டார்கள். கையெழுத்தை அடிக்க வேண்டுமாம். முதலில் போட்ட தறிக்காரியும் வந்திருந்தாள்.

"அவன் கஞ்சா கடத்தறவனாமா. ரிக்கு கேசிங் பைப்புக்குள்ள வெச்சுக் கொண்டாறானாமா. ஊரே பேசுது. எங்களக் கோர்ட்டுக்கு இழுத்துட்டீங்கன்னா?"

போர்க் குழியில் இறக்குகிற கேசிங் பைப் என்று நான் சொல்லவேயில்லை. 'ஏதாவது' என்றுதான் சொன்னேன். பைப்பை நடுவில் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

தனசேகரைப் பார்த்தேன். வரி வரியாகக் கவனமாக எழுதிக்கொண்டிருந்தான். ஆறு கையெழுத்தையும் அடித்துக் கொடுத்தேன்.

31.7.2023, திங்கள்

ஆத்தூர்ப் பக்கம் போர் போடப் போன வேல்முருகனின் வண்டியை வழியில் மறித்து, போலீஸ் ஒவ்வொரு பைப்பாக இறக்கிச் சோதித்ததாம். யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை. ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. முதலாளி, "எதுக்கு வம்பு, நீ கொஞ்ச நாளைக்கு வராத" என்று சாவியை வாங்கிக்கொண்டாராம்.

வேல்முருகனே வந்து சொன்னான். கோபம் கூட இல்லை. "எவன் பேசுனான்னு தெரியலீங்க்கா. நான் யாருக்கு என்ன பண்ணேன்?" என்று என்னிடம் கேட்கிறான். என்னிடம்!

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான். அந்த எடத்துலயே சொல்லியிருக்கணும். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன். டீ!

1.8.2023

இல்லை, பிள்ளை விஷயம் இன்னும் தெரியவில்லையே. பைப்பில் இல்லையென்றால் எதிலும் இல்லை என்று ஆகிவிடுமா? இப்படி எழுதும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

15.8.2023, செவ்வாய்

கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு ஆரம்பித்தார்கள். நான் வெளியூர்க்காரி, கை தூக்க உரிமை இல்லை. ஓரமாக உட்கார்ந்தேன். கையில் முந்நூற்றுப் பத்துக் கையெழுத்து.

குடிநீர், சாக்கடை, நூறு நாள் வேலை. கடைசியில் வேல்முருகன் எழுந்தான். அவன் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் தனசேகரின் மச்சான் எழுந்துவிட்டான்.

"கஞ்சாக் கடத்தறவன் பேச்சக் கேட்டு ஊரு மானம் கெடோணுமா? யாருக்கு வலிப்பு? புள்ளையக் காட்டுடா பாக்கலாம்!"

நான் கேட்ட அதே கேள்வி. வேறு வாயில் கேட்டபோது எப்படியிருந்தது என்று எழுத முடியவில்லை. வேல்முருகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லமாட்டான் என்று தெரிந்தது.

அப்போது பள்ளிக்கூட கேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். வேல்முருகனின் மனைவி பாவாயி என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். கையில் ஒரு சிறுமியைப் பிடித்துக் கூட்டி வந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். பழைய ஸ்கூல் யூனிபார்ம், சட்டைக் கை குட்டையாகிவிட்டிருந்தது. தாடையில் தையல் தழும்பு, முன்பல் பாதி இல்லை.

"இவதானுங்க நாங்க ஒளிச்சு வெச்சிருந்த சரக்கு" என்றாள். மைக் இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "ஆந்திராவுல இருந்து வரலீங்க. என்ற வயித்துல இருந்து வந்தது. வாரத்துக்கு நாலு வாட்டி விழுகறா. அத்தை ஊட்டுல படிக்கறான்னு உங்ககிட்டப் பொய் சொன்னனுங்க. பொட்டப்புள்ள, நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போகோணுமேன்னு சொன்னனுங்க. கதவச் சாத்தி, ஜன்னலச் சாத்தி, ரெண்டு வருசமா வெச்சிருந்தோம். இப்ப நல்லாப் பாத்துக்கங்க அல்லாரும்."

ஊராட்சித் தலைவர் கேட்டார்: "உம்பேரென்ன சாமி?"

"வே. யாழினி. ஐந்தாம் வகுப்பு" என்றது அந்தப் பெண். அப்புறம் அம்மாவைப் பார்த்துவிட்டு, "படிச்சிட்டு இருந்தேனுங்க" என்று திருத்திச் சொன்னது.

தறிக்காரி முதலில் கை தூக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக. எல்லாக் கையும் இல்லை. பாதிக்கு மேல் இருக்கும். செயலர் 'கஞ்சா' என்று ரிஜிஸ்டரில் எழுதமாட்டேன், 'மூலிகை எண்ணெய்' என்று போடுகிறேன் என்றார். அதற்கு மட்டும் நான் எழுந்தேன். எழுதினால் அந்தப் பெயரோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் இவர்கள் எதற்குக் கை தூக்கினார்கள் என்று கேட்டேன். எழுதினார்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய மனுக்களில் இவ்வளவு தூரம் வந்தது இதுதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சாமியானாவுக்குப் பின்னால் போய் அழுதேன்.

16.8.2023

நேற்று பஸ் ஏறும் முன்னால் சொல்லியிருக்கலாம். வேல்முருகன் பஸ் வரும் வரை கூடவே நின்றான்.

4.9.2023, திங்கள்

தீர்மானத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் பதில் வந்துவிட்டது. 'அரசின் கொள்கை முடிவு சார்ந்தது என்பதால் சென்னைக்கு அனுப்பப்பட்டுள்ளது.' தள்ளுபடி இல்லை.

ஊரில் வேறு விதமாக இருக்கிறது. லைன் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பயப்படுகின்றனவாம். பாவாயியின் அண்ணன், யாழினியைத் தன் மகனுக்கு என்று பேசி வைத்திருந்தவர், வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அண்ணனுக்குக் கூடத் தெரியாமல்தான் வைத்திருந்திருக்கிறார்கள். முதலாளி மட்டும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தனசேகர் இன்று வெற்றிலை கொடுத்தான். வாங்கவில்லை. அவன் மேல் என்ன தப்பு? நான் கொடுத்ததைத்தான் அவன் எடுத்துக்கொண்டு போனான்.

25.9.2023, திங்கள்

பதினொரு மணிக்குப் பாவாயி வந்தாள். கூட இரண்டு பெண்கள். ஒருத்தி ஆத்தூர், இன்னொருத்தி சேலம் அம்மாபேட்டை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன. இவர்களும் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள்தான். கிராம சபைச் சேதி எப்படியோ காதுக்குப் போய், பாவாயியைத் தேடி வந்திருக்கிறார்கள்.

"சென்னைக்கு இன்னொண்ணு எழுதோணுமுங்க்கா. இந்த வாட்டி புள்ளைங்க பேரு, வயசு, அட்ரஸ் அல்லாம் போட்டே எழுதுங்க. ஒளிக்கறதுக்கு இனி என்ன இருக்குது?"

தாள் எடுத்தேன். பேனா மூடியைத் திறந்தேன். இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. மற்ற இரண்டு பேரும் மரத்தடிக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். "பாவாயி, ஊருக்குள்ள அந்தப் பேச்சு வந்துச்சே, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க்கா" என்றாள்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"தனசேகர் மச்சான் பொண்டாட்டி அன்னிக்கே சொல்லிட்டா, யாரு வாயில இருந்து வந்துச்சுன்னு. என்ற ஊட்டுக்காரர்கிட்ட நான் சொல்லல. அவரு உங்கள அக்கா அக்கான்னு அப்படி நம்பிட்டு இருக்கறாரு."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்தே?"

"உங்க எழுத்துத்தானுங்களே சென்னை வரைக்கும் போச்சு" என்றாள். "உங்க பேச்ச நம்பி நான் வரலீங்க. எழுதுங்க."

எழுதினேன். முதல் பெயர் யாழினி, வயது 12. மற்ற இரண்டு பெண்களும் வந்து தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லும்போது முதலில் குரலைத் தாழ்த்தினார்கள். பாவாயி அவர்களைச் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.