இருக்கை அசையாத பிறகுதான்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் கிள்ளானில் சுகம்.

ஞாயிறன்று பக்கத்து ஊர் ஷா ஆலமில் ஒரு கல்யாணம். மகள் சஹருக்கான குழந்தை இருக்கையைக் காரில் பொருத்திக்கொண்டிருந்தேன்.

"மடியிலே வச்சுக்கலாம் லா, நேரமாச்சு," என்றார் என் மாமியார்.

"ரோடு முழுக்க கண்டெய்னர் லோரி. இது இறுகாம நான் காரை எடுக்க மாட்டேன் மாமி."

கார் பெல்ட்டை இருக்கையின் பின்பக்க வழியில் நுழைத்துப் பூட்டி, முழங்காலால் அழுத்திக்கொண்டு இழுத்தேன். உலுக்கியபோது ஆடியது. கழற்றி மறுபடி மாட்டினேன். மாமி கோபித்துக்கொண்டு வேறு காரில் போய்விட்டார். இருக்கை அசையாமல் நின்ற பிறகே சஹரை உட்காரவைத்துப் புறப்பட்டேன். போய்ச் சேர்ந்தபோது பிரியாணி தீர்ந்திருந்தது. மாமி இன்னும் என்னோடு பேசவில்லை. இனிமேலும் இப்படித்தான் செய்வேன்.

அந்த இருக்கையில் சஹரின் முதுகு வேர்க்கிறது. உம்மாவை ஒரு பருத்தி விரிப்பு தைத்து அனுப்பச் சொல்லுங்கள். உம்மாவின் குரலையும் பதிவுசெய்து அனுப்புங்கள், எதைப் பேசினாலும் சரி.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் தஸ்லீமா