பிறகு கூப்பிடுகிறேன்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மாமா, பசங்க எல்லோரும் சௌக்கியமா? இங்கே டிக்கெட் கவுன்டரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து இடுப்பு கழன்று போகிறது. என் புலம்பல் கிடக்கட்டும்.

உன் வலைப்பூவை நேற்றுத்தான் பார்த்தேன். சட்டைக்குக் காலர் வைப்பதைக்கூட இப்படிச் சிரிக்கச் சிரிக்க எழுத முடியுமா! பெருமையாக இருந்தது, போ. ஆனால் தையல் பற்றி எழுதுகிறவள் ஊசி, நூல் என்று ஏதாவது பெயர் வைப்பாள். நீ 'பிறகு கூப்பிடுகிறேன்' என்று வைத்திருக்கிறாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா நம்மை விட்டுப் போன அன்று மத்தியானம் எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி அது. ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. உனக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னாளா?

உன் சின்னக்குட்டி

மார்ச் 11

என் செல்லத் தங்கைக்கு,

அதெல்லாம் ஒன்றுமில்லைடி. மெஷினில் உட்கார்ந்துவிட்டால் யார் போன் செய்தாலும் அதைத்தானே சொல்கிறேன்! வாயில் வந்ததை வைத்தேன். சும்மா எதையாவது தோண்டிக்கொண்டிராதே. அங்கே குளிராமே? கம்பளிக் கோட்டு ஒன்று தைத்து அனுப்புகிறேன். அளவு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அக்கா,

அளவு அப்புறம். மழுப்பாதே. அந்தச் செய்தி வந்த என் பழைய போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். கையெல்லாம் ட்ரிப்ஸ் ஊசி குத்தியிருந்த நிலையிலும் எனக்காக அனுப்பினாளே என்று எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அவளே கூப்பிடுவாள் என்றுதான் நான் திரும்பக் கூப்பிடவில்லை. சாயங்காலம் உன் போன்தான் வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் என்ன கேடு என்று மூன்று வருஷமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்.

சின்னக்குட்டி

ஏப்ரல் 2

சின்னக்குட்டிக்கு,

அன்று அம்மாவின் போன் என் கையில் இருந்தது.

எட்டு மாதம் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிவிட்டது நான். என்னிடம் 'உம்' என்பதோடு சரி. உன் குரலைக் கேட்டால் மட்டும் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். நீ கூப்பிட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழைப்பை வெட்டினால் பதிலாக அனுப்பப் போனே நாலு வரி காட்டுமே, அதில் முதலில் இருந்த 'பிறகு கூப்பிடுகிறேன்' என்பதைத் தொட்டேன். அம்மா கண்ணைத் திறந்து, "யாரு, சின்னக்குட்டியா?" என்றாள். "இல்லம்மா, யாரோ தப்பா கூப்பிட்டுட்டாங்க" என்றேன். அதற்கப்புறம் அவள் பேசவேயில்லை.

சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. அதற்குள் அவள் போய்விட்டாள். நீ போனில், "எல்லாம் என் தப்புக்கா" என்று அழுதாய். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். தினமும் கண்ணில் பட்டால் என்றைக்காவது சொல்லிவிடுவேன் என்றுதான் அந்தப் பெயரை வைத்தேன். பாவி நான், நீயே கேட்டபோதும் பொய் சொன்னேன்.

திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

மே 20

அக்கா,

ஏழெட்டுத் தாள் எழுதிக் கிழித்தேன். நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் திட்டவும் முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை.

போனை அணைத்துவிட்டேன். அதில் அம்மா இல்லை. "சின்னக்குட்டியா?" என்று கேட்டாளே, அதுதான் இனி எனக்கு அவளுடைய கடைசி வார்த்தை. அதையும் உன் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது.

கோட்டு தைக்க வேண்டாம். கடிதமும் வேண்டாம்.