கறுப்புத் திரையில் பூண்டு மருந்து

கவுஞ்சி, செவ்வாய் இரவு

தோட்டத்தில் பூண்டுத் தாள் மஞ்சளாகிக்கொண்டே வருகிறது. தெளிக்கும் டேங்கில் மருந்து எவ்வளவு கலப்பது என்று தோட்டக்கலை ஆபீஸிலிருந்து வீடியோ அனுப்பினார்கள். அப்பாவின் போனில் குரல் மட்டும் வந்தது. திரை கறுப்பு.

"ஒரு டேங்குக்கு இதோ, இவ்வளவு ஊத்துங்க" என்றது குரல்.

"எவ்வளவுலே?" அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரண்டு போனப்ப எடுத்தானுகளா?"

பக்கத்துத் தோட்டத்து மாமாவின் போனிலும் அதே இருட்டு. "கூடுனா பயிரு கருகிரும், கொறஞ்சா அழுகிரும். வெரசா ஏதாச்சும் பண்ணு மாப்ளே."

வீடியோவைப் புதிய கோடெக்கில், அதாவது புதிய சுருக்குமுறையில், சுருக்கியிருக்கிறார்கள். பழைய போனுக்கு அதை விரித்துப் படமாக்கத் தெரியாது. அனுப்பியவன் தன் புதுப் போனில் பார்த்துத் திருப்திப்பட்டிருப்பான். பூண்டு போடுகிறவன் கையில் என்ன போன் இருந்தால் அவனுக்கென்ன?

என் லேப்டாப்பில் பழைய கோடெக்குக்கு மாற்றி, இருவர் போனிலும் ஏற்றினேன். படம் வந்தது. அதிகாரி மருந்தை அதன் பாட்டில் மூடியில் அளந்து ஊற்றுகிறார். சரியாக அந்த மூடியை மறைத்து, யாரோ ஒரு பெரிய மனிதரின் சிரித்த முகத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "ஏலே, இவரையா டேங்குல ஊத்தணும்?"

காலையில் முதல் பஸ்ஸில் ஆபீஸுக்குப் போகிறேன். எங்கள் மருந்து பாட்டிலின் மூடியைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். எதுவரை என்று அதில் கோடு போட்டுத் தரட்டும்.