கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பு

மேற்கு மாம்பலம்,
14-7-98

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் இருமல் நின்றதா? ரோஸ்லின் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

அவள் பிறந்தபோது விட்ட கம்ப்யூட்டர் வேலையில் நேற்று மறுபடி சேர்ந்தேன். வந்த அன்றே ஒரு கூத்து. அந்தக் காலப் பழக்கத்தில், தூசி உள்ளே போகாமலிருக்க, கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். இப்போது யாரும் கழற்றுவதில்லையாம். வாட்ச்மேன் அதைக் கையில் தூக்கி வந்து, "இது இன்னா கோயிலா மேடம்?" என்றார். கூட வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். புரோகிராம் எழுத மறக்கவில்லை, கவலைப்படாதீர்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. யாராவது வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். ரோஸ்லினுக்குச் சின்னதாகிப்போன செருப்பையும் அதோடு வையுங்கள். ஹாஸ்டல் அறை வாசலில் என்னுடையது மட்டும் தனியாகக் கிடக்கிறது.

ஜெசிந்தா