கதிர்க்குருவி கத்தும் வரை

ஜனவரி 4, சனி

இன்று என்னோடு இயற்கை நடைக்குப் பதினெட்டுப் பேர். மாலை நாலரைக்கு நடை, ஆறே காலுக்கு நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பேச்சு, ஏழரைக்கு எல்லோரையும் வேனில் ஏற்றி அனுப்பியாயிற்று. கடற்கரைச் சாலைப் பூங்காவிலிருந்து பம்மல் வந்து சேர எட்டே முக்கால். முழங்கால் தன் பங்குக்குப் பேசுகிறது.

சவுக்குத் தோப்பு முனையில் வழக்கம்போல் எல்லோரையும் கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். பேசக்கூடாது. காதில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். நான் கடிகாரம் பார்ப்பதில்லை. கதிர்க்குருவி கத்தினால் முடித்துக்கொள்வேன். ஒன்பது வருடமாக அதுதான் என் மணி. அரை நிமிடத்திலும் கத்தும், ஐந்து நிமிடமும் எடுத்துக்கொள்ளும்.

இன்று ரொம்பத் தாமதம். கொஞ்ச நாளாகவே அது சோம்பேறியாகிவிட்டது.

ஜனவரி 7

மனைவி மெஹர் என்னோடு பேசவில்லை. நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மூன்று தடவை கூப்பிட்டாளாம். கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேனாம்.

"குருவி கூப்ட்டா மட்டும் காது இன்னா நல்லா கேக்குது."

ஜனவரி 11, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமல் தூக்கமும் வராது.

மேடவாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து இருபத்திரண்டு பேர். தோப்பு முனையில் கண்ணை மூடச் சொன்னேன். நானும் மூடிக்கொண்டேன். கடல் கேட்டது. காற்று கேட்டது. தூரத்தில் செம்போத்து இரண்டு தடவை 'ஊப் ஊப்' என்றது. கதிர்க்குருவி மட்டும் இல்லை. காத்திருந்தேன். யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. "சார், எறும்பு கடிக்குது" என்று ஓர் அம்மா சொன்னார். "கொஞ்சம் பொறுங்க, இப்ப கத்தும்" என்றேன்.

ஈவ்லின் என் கையைத் தொட்டாள். என்னோடு வேலை செய்யும் பெண். மூன்று வருடமாகக் கூட்டத்தின் பின்னால் நடந்து வருபவள். காதோரம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அது கத்திக்கிட்டேதான் இருக்கு. பத்து நிமிஷமா. நம்ம தலைக்கு மேலயே."

கண்ணைத் திறந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிளை. அதில் குருவி. வாலைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியது. தொண்டை துடித்தது.

சத்தம் இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

இன்றைய நடையில் அந்த மௌனத்தை விட்டுவிட்டேன். நண்டு வளை, அடும்புக் கொடி, கிளிஞ்சல் என்று ஓட்டினேன். யாரும் குறை சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து செல்போனில் கதிர்க்குருவிப் பதிவைப் போட்டேன். திரையில் அலை எழும்பி எழும்பி ஓடியது. ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா என்று காதோடு ஒட்டிப் பார்த்தேன்.

சமையலறையிலிருந்து மெஹர் கத்தினாள். "அத மொதல்ல நிறுத்துங்க. காது கிழியுது."

நிறுத்தினேன். அவள் கரண்டியோடு வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அது கேக்கலியா?"

இல்லை என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்போ நான் கூப்ட்டதும் கேக்கலதான். நான் திமிருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

மேலே ஒரு விமானம் போனது. அது நன்றாகவே கேட்டது.

ஜனவரி 17, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து குரோம்பேட்டையில் காது டாக்டர். ஓர் அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் சில தடவை அமுக்கினேன். பிறகு அடுத்த சத்தத்துக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கதவைத் திறந்து, "வலது காது முடிஞ்சுது சார்" என்றாள்.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். கோடு பாதி வரை நேராக வந்து, பிறகு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது.

"மிஷின் சத்தத்துல எங்கயாவது வேலை பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதிலிருந்து இருபத்தொன்பது வரை, பம்மலில் ஒரு தோல் பதனிடும் கூடத்தில். ஆள் உயரத்துக்கு மேல் மர டிரம்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை உருளும். பக்கத்தில் நிற்பவனிடம் சைகையில்தான் பேச்சு. அந்த இரைச்சலிலிருந்து தப்பித்து வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கரணைக் கரையில் போய் சும்மா நிற்க ஆரம்பித்தேன். பறவை பார்க்க இல்லை, அமைதிக்காக. அப்படித்தான் இந்தத் தொழிலே வந்தது.

மேல் சுருதிச் சத்தங்களைக் கேட்கும் திறன் போய்விட்டதாம். போனது வராதாம். காதுக் கருவி வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளிவாகும், குருவிக்கு உத்தரவாதம் இல்லை என்றார்.

ஐம்பத்து மூன்று வயதில் அந்த டிரம் திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போகிறது. கோபம் கூட வரமாட்டேன் என்கிறது. அலுப்பாக இருக்கிறது.

ஜனவரி 20

பத்ரி சார் எல்லோரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பூங்கா அவர் பொறுப்பில்தான். நல்ல மனிதர், நிற்க நேரமில்லாதவர்.

"பிப்ரவரி எட்டாம் தேதி ஹெட் ஆபீஸ்லேருந்து ரெண்டு பேர் வர்றாங்க. நார்மல் வாக்தான், கூடவே வருவாங்க. அதுக்கப்புறம்தான் உங்க காண்ட்ராக்ட் ரினியூவல். ரசாக் சார், உங்க சைலன்ஸ் பிட்ட பத்தி நிறைய சொல்லி வச்சிருக்கேன். அத விட்டுடாதீங்க."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

ஜனவரி 25, சனி

ஈவ்லினின் யோசனை: "நீங்க கண்ண மூடாதீங்க அண்ணா. நான் எதிர்ல நிக்கிறேன். கதிர்க்குருவி கத்துச்சுன்னா தொப்பியக் கழட்டுறேன்."

முதலில் வேண்டாம் என்றேன். பிறகு சரி என்றேன்.

தொப்பி கழன்றது. "கேட்டுச்சா? அதுதான் சாம்பல் கதிர்க்குருவி" என்றேன். கூட்டம் கண்ணைத் திறந்து அசந்து போனது. ஒருவர், "உங்க காது எப்படி சார் இவ்ளோ ஷார்ப்" என்று கேட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றும் தொப்பி. இன்றும் பாராட்டு. வேனை அனுப்பிவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

புழுக்கம். தோப்பில் இலை அசையவில்லை. எல்லோரும் கண்ணை மூடி நின்ற பத்தாவது வினாடியில் தொப்பி கழன்றது. நானும் கையைத் தூக்கி, "கேட்டுச்சா?" என்றேன், வழக்கமான அந்தக் குரலில்.

பார்த்தால் ஈவ்லின் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எது சார்?" என்றார் ஒரு பெரியவர். "ஒண்ணும் கேட்கலையே." அவர் மனைவி அவரை அதட்டினார்: "உங்களுக்கு எப்பவுமே ஒண்ணும் கேட்காது. சும்மா இருங்க." பாவம், அந்த மனிதர் தன் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். தப்பு அவருடையதுதான் என்று நம்பிவிட்டார்.

நான் அதைத் திருத்தவில்லை. "சில பேருக்குப் பழகணும் சார்" என்றேன்.

எப்படிச் சொன்னேன் அதை? காது நன்றாக இருக்கும் ஒருவரைச் செவிடாக்கி அனுப்பியிருக்கிறேன். ஈவ்லின் நெருப்பு அணைக்கும்போது அழுதாள். "சாரிண்ணா, வேர்த்துடுச்சு." அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பிப்ரவரி 5

மெஹரிடம் தொப்பிக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்தான், கொஞ்சம்.

"அந்தப் பொண்ணு எத்தினி நாளுக்குத் தொப்பியக் கழட்டும்? நாளைக்கு அதுக்குக் கல்யாணம் ஆயி போச்சுன்னா?"

என் முன்னால் தட்டை வைத்தாள்.

"வேலை போனா போவட்டும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நீங்க வூட்டுக்கு வந்து பேய் அறஞ்ச மாதிரி உக்காந்துகினு கீறீங்களே, அத என்னால பாக்க முடியல."

பிப்ரவரி 8, சனி

நடை ஆரம்பிக்கும் முன் ஈவ்லினிடம் சொன்னேன்: தொப்பியைத் தொடாதே, பையில் வை.

"அப்போ எப்படிண்ணா முடிப்பீங்க?"

"தெரியல."

இருபது பேர், அவர்களோடு தலைமை அலுவலகத்து இரண்டு பேர், பத்ரி சார். தோப்பு முனை. கண்ணை மூடச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் ஓட்டினேன். "கண்ணத் திறங்க. எத்தனை விரல்?"

ஐந்து என்றார்கள், ஆறு என்றார்கள். சேலையூரிலிருந்து வந்த சுப்ரஜா என்ற டீச்சர், "எனக்கு ஏழு சார். உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. நான்தான் கடைசியில் ஒன்பது, பத்து என்று நானாகவே அடித்துவிடுவேன்.

கையைப் பார்த்தேன். "மூணு" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். "நிஜமாவே மூணுதான். கடல், காத்து, செம்போத்து. குருவிங்க சத்தம் எனக்கு இப்ப கேட்கிறதில்ல. போன மாசம்தான் தெரிஞ்சுது." பத்ரி சார் பக்கம் நான் திரும்பவே இல்லை. "மீதி நாலு என்னன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும். எப்படிக் கத்துச்சோ அப்படியே செஞ்சு காட்டுங்க."

யாரும் வாய் திறக்கவில்லை. வெட்கம். நகர்ந்துவிட்டோம்.

நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் பிடித்துக்கொண்டது. ஆமைகள் கரையேறும் காலம் என்பதால் கடலுக்கு வெளிச்சம் தெரியாமல் புதருக்குப் பின்னால் இரும்புச் சட்டியில்தான் மூட்டுவோம். எல்லோரும் நெருங்கித்தான் உட்கார வேண்டும். டீச்சர் திடீரென்று, "சார், ஒண்ணு 'ச்சீவிட் ச்சீவிட்'னு அவசரமா கத்துச்சு" என்று செய்து காட்டினார். தேன்சிட்டு என்றேன். கத்தும்போது உடம்பை இப்படி இப்படித் திருப்பும் என்று எழுந்து நின்று ஆடிக் காட்டினேன். அதற்கப்புறம் ஆளுக்கு ஆள். ஒருவர் மேசையைத் தட்டுவதுபோல் 'டுவிக் டுவிக்' என்றார். தையல் சிட்டு. தலைமை அலுவலகத்து மனிதர் கழுத்துப்பட்டையை நீவிக்கொண்டே ஏதோ கனைத்தார். "அது பக்கத்து ஓட்டல் ஜெனரேட்டர் சார்" என்றேன். அப்படி ஒரு சிரிப்பை அந்த நெருப்பு பார்த்ததில்லை.

மனிதர் வாயிலிருந்து வந்தால் எனக்குக் கேட்கிறது. எல்லாமே கேட்டது.

பிப்ரவரி 12

பத்ரி சார் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

"ஃபயர் ப்ரோக்ராம் உங்களுது சார். சனி, ஞாயிறு ரெண்டும். ஹெட் ஆபீஸ்காரங்களே கேட்டாங்க. ஆனா வாக்கை ஈவ்லின் எடுக்கட்டும்."

"ரெண்டு வாரம் தொப்பிய வச்சு ஓட்டினோம், அதுக்காகவா?" என்று நானே உளறிவிட்டேன். அவருக்கு அந்தக் கதை தெரியவே தெரியாது. விழித்தார். பிறகு கையை அசைத்து அதை விட்டுவிட்டார்.

"அது இல்ல சார். பின்னாடி வர்ற ஒரு குழந்தை தண்ணிப் பக்கம் போயிட்டு கத்துனா, உங்களுக்குக் கேட்குமா?"

கேட்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். மெஹர் மூன்று தடவை கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருப்பதால் வலிக்காது என்று யார் சொன்னது?

பிப்ரவரி 15, சனி

கூட்டம் தோப்புக்குள் போனது. நான் சட்டியில் விறகு அடுக்கினேன். ஒன்பது வருடத்தில் அவர்கள் முதுகை நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 19

காதுக் கருவிக்கு அளவெடுத்தார்கள். மெஹரும் வந்தாள். திரும்பும்போது, "நோன்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு தபா உங்க பார்க்குக்கு வரேன்" என்றாள். ஒன்பது வருடமாக மணல் ஒட்டும் என்று வராதவள்.

பிப்ரவரி 22, சனி

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க முதுகு வலி என்று புலம்பிக்கொண்டு வந்தாள். மணலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "நெருப்பு வேலை அப்புறம் பாத்துக்கலாம், வாங்கண்ணா" என்று ஈவ்லின் எங்கள் இரண்டு பேரையும் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள்.

தோப்பு முனை. கண்ணை மூடச் சொன்னாள் ஈவ்லின். வரிசையில் மெஹருக்குப் பக்கத்தில் நானும் ஒரு ஆளாக நின்றேன். கடல், ஒரு விரல். சவுக்கில் காற்று, இரண்டு. எங்கோ படகு மோட்டார், மூன்று. அவ்வளவுதான். நின்றேன். நான்காவது விரல் நீட்டியபடியே இருந்தது.

பிறகு மெஹரின் கை வந்து அதை மடக்கியது.

"போதும், கண்ணத் திறங்க" என்றாள் ஈவ்லின்.

நெருப்பைச் சுற்றி எல்லோரும் குருவி மாதிரி கத்திக் காட்டினார்கள். மெஹர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாயே திறக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் எப்படி என்று கண்ணாலேயே சொல்லிவிட்டாள்.

திரும்பும்போது பள்ளிக்கரணை சிக்னலில் நின்றோம். ஹெல்மெட்டைத் தட்டினாள். கழற்றினேன். காதோடு வாயை வைத்து, "டீ டீ டீ டீ" என்றாள்.

"உங்க குருவி இதானே?"

"இதுதான்" என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். எல்லாம் கேட்டது. "இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.