வாயசைப்பு

1983, ஆவணி. ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. இன்று செங்கம் ரோடு கல்யாண மண்டபத்தில் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் கச்சேரி. வழக்கம்போல நான் திரைக்குப் பின்னால் நின்று பாடினேன். புதிதாகச் சேர்ந்த மஞ்சு முன்னால் நின்று வாயசைத்தாள். அம்மைத் தழும்பு முகத்துக்கு எவனும் பணம் கொடுக்க மாட்டான் என்று குழுவை நடத்தும் சேகர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒரு பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா மேடையேறினார். "என்னா கொரலும்மா உனக்கு!" என்று மஞ்சுவுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். அவளும் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த பாட்டை வேண்டுமென்றே நடுவில் நிறுத்திவிட்டேன்.

மஞ்சு திறந்த வாயோடு நின்றாள். மண்டபம் முழுக்க ஒரே சிரிப்பு, விசில். யாரோ வாழைப்பழத் தோலை எறிந்தார்கள். அவள் மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சேகர் என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகமெல்லாம் பல்.

"இன்னும் ரெண்டு கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டாங்கம்மா. அந்த அழுவுற ஐட்டம் கண்டிப்பா வேணுமாம். பாட்டு கம்மியா இருந்தாலும் பரவால்லன்றாங்க."

வேன் கிளம்பியதும் மஞ்சு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அக்கா, எந்த எடத்துல நிறுத்துவீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க," என்றாள். "நெனச்ச ஒடனே எனக்கு அழுகை வராது."